கண்டுபிடித்தாகிவிட்டது, கொண்டு சேர்க்க வேண்டும்

(சங்கத்தின் போபால் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புற்றுநோய் பற்றிப் பேச வேண்டும் என்று கிளைச் செயலாளர் கேட்டபோது, நான் டாக்டர் இல்லையே என்றேன். "டாக்டர் பேசினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் மாமா, நீங்கள் பேசினால் கேட்பார்கள்" என்று பதில் வந்தது. நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்து, மத்திய சர்க்காரில் 36 வருஷம் உத்தியோகம் பார்த்தவன். வயது 76. ஆகவே இன்றைக்கு நான் மருந்து எதுவும் சொல்லப்போவதில்லை. ஒரு ஃபைலைப் படித்துச் சாரத்தை நோட் போடுவது என் பழைய தொழில். அதைத்தான் இங்கேயும் செய்கிறேன்.

முதலில் கணக்கு. சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீட்டின்படி 2022ல் உலகத்தில் சுமார் 2 கோடிப் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டது. இறந்தவர்கள் 97 லட்சம். நம் தேசத்தில் அதே வருஷம் புதிதாக நோய் கண்டவர்கள் சுமார் 14 லட்சம் பேர், இறந்தவர்கள் 9 லட்சத்துக்குச் சற்று மேல். வகுத்துப் பாருங்கள். உலகக் கணக்கில் 100 புது நோயாளிகளுக்கு 49 மரணம், நம் கணக்கில் 65. ஒரே நபர்களைப் பின்தொடர்ந்து எடுத்த கணக்கு இல்லை இது, அதனால் இதைப் பிழைப்பு விகிதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் நிலவரம் புரிகிறது. புற்றுநோய் நமக்கு மேல்நாட்டாரைவிடக் குறைவாகத்தான் வருகிறது. வந்தால் அதிகமாகக் கொல்கிறது.

ஏன் என்றால், வியாதி முற்றிய பிறகு வருகிறோம். பெரிய ஆராய்ச்சி தேவைப்படாத பதில் இது. எந்தப் புற்றுநோய் ஆஸ்பத்திரி வராந்தாவில் அரை நாள் உட்கார்ந்தாலும் தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று சிலர் சந்தேகப்படுவார்கள். சர்க்கார் கணக்கென்றாலே நம்மவர்களுக்கு ஒரு புன்சிரிப்பு வந்துவிடும். இந்தக் கணக்கு அப்படிப்பட்டதல்ல. மும்பையில் 1963லேயே ஒரு புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1981ல் தேசியப் பதிவேட்டுத் திட்டத்தை ஆரம்பித்தபோது மும்பை, பெங்களூர், சென்னை ஆகிய ஊர்களில் வீட்டு விலாசத்தோடு நோயாளிகளைப் பதிய ஆரம்பித்தார்கள். விஷவாயு விபத்துக்குப் பிறகு, 80களின் பிற்பகுதியில், நம் போபாலும் அதில் சேர்ந்தது. ஒரு ஆஸ்பத்திரியில் எழுதிய பெயரே இன்னொரு ஆஸ்பத்திரியிலும் இருந்தால் அதைக் கண்டுபிடித்து அடிப்பார்கள். பொறுமையான குமாஸ்தா வேலை. அந்த வேலை செய்தவர்களுக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. ஐஸ்வாலில் ஆண்களில் 4 பேருக்கு ஒருவருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் அபாயம் இருக்கிறது, தேசம் முழுவதும் பார்த்தால் 9 பேரில் ஒருவருக்கு என்பதெல்லாம் அவர்கள் உழைப்பால்தான் நமக்குத் தெரிகிறது.

இனி ஆராய்ச்சி. பத்திரிகைகளில் வருவது பெரும்பாலும் அமெரிக்க ஆராய்ச்சி. நம் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன்.

பெண்களுக்கு வரும் கர்ப்பப்பை வாய்ப் புற்றில் 2022ல் நம் தேசத்தில் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். இது பல வருஷம் மெதுவாக வளரும் வியாதி. நடுவில் பார்த்துவிட்டால் தடுத்துவிடலாம். மேல்நாட்டில் செய்யும் பரிசோதனைக்கு லாப் வேண்டும், மைக்ராஸ்கோப் பார்க்கும் நிபுணர் வேண்டும். மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியார் 1998ல் வேறு வழி பார்த்தார்கள். காலேஜில் நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு எடுத்து ஊற்றிய அசெட்டிக் அமிலம், வினிகரில் இருப்பது, அதை 4 சதவீதமாகக் கலந்து பஞ்சில் தொட்டுத் தடவினால், கெட்டுப்போன இடம் ஒரு நிமிஷத்தில் வெளுத்துக் காட்டும். பார்ப்பதற்குக் கண் போதும். பத்தாவது படித்த பெண்களுக்குச் சில வாரம் பயிற்சி கொடுத்து, மும்பைச் சேரிகளில் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து ஆராய்ந்தார்கள். 12 வருஷம் கழித்துப் பார்த்தபோது, சோதனை செய்துகொண்ட தரப்பில் அந்தப் புற்றால் ஏற்படும் மரணம் 31 சதவீதம் குறைந்திருந்தது. 2013ல் டாக்டர் சுரேந்திர சாஸ்திரி இதை அமெரிக்காவில் மாநாட்டின் பிரதான அரங்கில் வாசித்தார். ஒப்பீட்டுக்காக வைத்த பாதிப் பெண்களுக்குச் சோதனை செய்யாமல் விட்டது தர்மமா என்று பின்னால் ஒரு சர்ச்சை எழுந்தது. நியாயமான கேள்விதான், நானும் அந்தக் கட்சி. அப்படி விலை கொடுத்துக் கிடைத்த விடையை நாம் பயன்படுத்தாமல் விட்டால் அது அதைவிட மோசம்.

இதே மாதிரி திருவனந்தபுரம் பக்கத்தில் 1996ல் ஒரு வேலை தொடங்கியது. பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகப் போய், வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தார்கள். அவ்வளவுதான் சோதனை. புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்று மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005ல் பிரசுரித்தார்கள்.

சரி, இதெல்லாம் தெரிந்து இத்தனை வருஷம் ஆயிற்றே, தேசத்தில் எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது? 2016ல் மத்திய சுகாதார அமைச்சகம் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்தச் சோதனைகளைச் செய்ய விதிமுறை வகுத்தது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் கர்ப்பப்பை வாய்ச் சோதனை ஒரு தடவையாவது செய்துகொண்டவர்கள் 1.9 சதவீதம். மார்பகச் சோதனை 0.9 சதவீதம். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

இந்த எண்ணிக்கையைப் பார்த்து ஏழை எளியவர்கள், படிக்காதவர்கள் என்று நாம் உச்சுக்கொட்டிவிட்டுப் போக முடியாது. இந்தக் கூடத்தில் எம்.ஏ., பி.எட். படித்த மாமிகள் இருக்கிறீர்கள். கையைத் தூக்கச் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் மனசுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். வருஷா வருஷம் மாமாவுக்கு சர்க்கரை, கொலஸ்ட்ரால் எல்லாம் பார்க்கிறோம். மாமிக்கு முழங்கால் வலி மட்டும்தான் வியாதி என்று வைத்திருக்கிறோம். மாதவிடாய் நின்று பல வருஷம் ஆன பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் அதே வாரம் டாக்டரிடம் காட்ட வேண்டும். மார்பில் வலிக்காத கட்டி என்றால் "வலிக்கவில்லையே" என்று இருந்துவிடக் கூடாது. ஆரம்பக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. பெரிய நகரங்களின் பதிவேடுகளில் பெண்களிடையே இப்போது முதலிடம் மார்பகப் புற்றுக்குத்தான்.

ஆண்கள் சிரிக்க வேண்டாம். நம் தாத்தாக்களின் வெற்றிலைப் பெட்டி பலருக்கு ஞாபகம் இருக்கும். சீவலும் பன்னீர்ப் புகையிலையும் இல்லாமல் ஒரு கச்சேரி கேட்க மாட்டார்கள். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று 2004ல் நிபுணர் குழு வகைப்படுத்திவிட்டது. நம் மத்தியப் பிரதேசம்தான் 2012 ஏப்ரலில் குட்காவை முதலில் தடைசெய்த மாநிலம். பெட்டிக்கடையில் இப்போது பாக்குப் பொட்டலமும் புகையிலைப் பொட்டலமும் தனித்தனியாகத் தொங்குகின்றன. வாங்குபவர் வாயில் போட்டு ஒன்றாக்கிக்கொள்கிறார். சட்டத்தின் கண்ணில் அது குட்கா இல்லை!

பேத்திகள் விஷயம் ஒன்று. கர்ப்பப்பை வாய்ப் புற்று ஏறக்குறைய முழுவதும் ஒரு வைரஸால் வருவது. அதைக் கண்டுபிடித்த ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008ல் நோபல் பரிசு கிடைத்தது. தடுப்பூசி இருக்கிறது. 9 முதல் 14 வயதுக்குள் போடுவது உத்தமம். முன்பெல்லாம் மூன்று ஊசி. இந்தியாவில் 2009ல், இரண்டு போதுமா என்று ஒரு ஆராய்ச்சி ஆரம்பித்தார்கள். 2010ல் வேறொரு திட்டத்தில் எழுந்த சர்ச்சையால் சர்க்கார் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. அதனால் ஏறக்குறைய 5,000 பெண் குழந்தைகள் ஒரே ஊசியோடு நின்றுவிட்டார்கள். ஆராய்ச்சி போச்சு என்று விடாமல், அந்தக் குழந்தைகளைப் பத்து வருஷம் பின்தொடர்ந்தார்கள். ஒரே ஊசி ஏறத்தாழ அதே அளவு காப்பாற்றுகிறது என்று தெரிந்தது. 2022ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு ஊசிக்கும் சம்மதம் சொன்னதற்கு இந்தச் சான்று ஒரு முக்கியக் காரணம். உலகம் முழுவதும் செலவு மிச்சமானதற்கு நம் ஊர்க் குழந்தைகளுக்கும் பங்கு உண்டு. சிக்கிம் 2018லேயே பள்ளிக்கூடங்களில் போட்டுவிட்டது. புனேயில் செய்த உள்நாட்டு ஊசி 2023 ஜனவரியில் வெளிவந்தது. பேத்தியின் டாக்டரிடம் கேளுங்கள், கல்யாணத்துக்கு இதனால் ஒரு தடையும் வராது.

விலை பற்றி இரண்டு வார்த்தை. சிறுநீரகம், ஈரல் புற்றுக்குத் தரும் நெக்சவார் என்ற மாத்திரைக்கு மாதம் 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2012 மார்ச்சில் நம் பேடண்ட் கண்ட்ரோலர் கட்டாய உரிமம் கொடுத்து உத்தரவு போட்டார். ஹைதராபாத் கம்பெனி ஒன்று அதை 8,880 ரூபாய்க்குக் கொடுக்க வேண்டும் என்று ஆயிற்று. ஒரு சர்க்கார் அதிகாரியின் கையெழுத்து. இன்றைக்கும் படிக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. டாடா ஆஸ்பத்திரியார் சில வருஷம் முன்பு, முற்றிய வாய், தொண்டைப் புற்றுக்கு, நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் விலையுயர்ந்த மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மலிவான மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை மட்டும் பெற்றவர்களில் ஒரு வருஷம் உயிரோடு இருந்தவர்கள் 16 சதவீதம், சேர்த்துப் பெற்றவர்களில் 43 சதவீதம். மருந்து குறைவாகக் கொடுத்தால் போதுமா என்ற ஆராய்ச்சியை மருந்துக் கம்பெனி செய்யாது. ஏழை நாட்டு டாக்டர்தான் செய்ய வேண்டும்.

இப்போது நான் முக்கியமாகப் பேச வந்ததற்கு வருகிறேன். வலி.

உத்தியோக காலத்தில் மூன்று வருஷம் எனக்கு நீமச்சில் போஸ்டிங். போபாலிலிருந்து மேற்கே, ராஜஸ்தான் எல்லை. அங்கேயும் மந்த்சோர் ஜில்லாவிலும் லைசென்ஸ் வாங்கி அபினிச் செடி பயிரிடுகிறார்கள். நம் சமையலறைக் கசகசா அந்தச் செடியின் விதைதான். பிப்ரவரி, மார்ச்சில் தேவிக்குப் பூஜை போட்டுவிட்டு, சாயங்கால வேளையில் பச்சைக் காய்களைச் சின்னக் கத்தியால் மெல்லக் கீறி விடுவார்கள். இரவெல்லாம் கசிந்த பால் காலையில் பழுப்பாகக் கெட்டிப்பட்டிருக்கும். வழித்து எடுப்பார்கள். கிளிகள் கூட்டமாக வந்து காயைக் கடித்துவிட்டுப் போதையில் கிளைகளில் உட்கார்ந்திருக்கும். சர்க்கார் ஆட்கள் ஒவ்வொரு விவசாயியின் சரக்கையும் எடைபோட்டு, பதம் பார்த்து, சீல் வைத்து எடுத்துப்போவார்கள். நீமச்சிலும் காஜிப்பூரிலும் சர்க்கார் தொழிற்சாலை. சட்டபூர்வமாக அபினிப் பாலை எடுத்து வெளிநாட்டுக்கு விற்கும் ஒரே தேசம் நம்முடையது. அந்தப் பாலில் இருப்பதுதான் மார்பின். 200 வருஷத்துக்கு முன்பே பிரித்தெடுத்த மருந்து. எலும்பில் பரவிய புற்றின் வலிக்கு அதற்கு ஈடாக மலிவாக இன்றுவரை வேறொன்று கிடையாது.

1985ல் போதை மருந்துச் சட்டம் வந்தது. நோக்கம் கள்ளக்கடத்தலைத் தடுப்பது. ஆனால் ஆஸ்பத்திரிகள் மார்பின் வைத்திருக்க நாலைந்து லைசென்ஸ், வெவ்வேறு இலாகாவிலிருந்து, எல்லாம் ஒரே சமயத்தில் செல்லுபடியாக வேண்டும் என்ற நிலை ஆயிற்று. கணக்கில் தவறு வந்தால் பத்து வருஷம் ஜெயில். எந்த டாக்டர் வாங்குவார்? அதுவரை தேசத்தில் வருஷத்துக்கு 600 கிலோ அளவில் உபயோகமான மார்பின் 1997ல் 18 கிலோ ஆகிவிட்டது. 97 சதவீதம் குறைவு. நாம் பயிரிட்டு வெளிதேசத்துக்கு அனுப்புகிறோம், அங்கே நோயாளி வலியில்லாமல் படுத்திருக்கிறார். நம் நோயாளி கத்துகிறார்.

என் அக்காவின் கணவர், அத்திம்பேர், அந்தக் கத்தலை நான் கேட்டிருக்கிறேன். 2009ல் அவருக்கு ப்ராஸ்டேட் புற்று முதுகெலும்பில் பரவிவிட்டது. வடக்கே ஒரு பெரிய ஊரில், பெயர் வேண்டாம், நல்ல நர்ஸிங் ஹோம். ஏசி அறை, டிவி எல்லாம் உண்டு. மார்பின் இல்லை. "அது வம்பு, நாங்கள் வைத்துக்கொள்வதில்லை" என்றார்கள். சாதாரண வலி மாத்திரை. ராத்திரி இரண்டு மணிக்கு அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் எழுந்து வந்தார்கள். அக்கா வாசலில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். கடைசியில் ஆறு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு சர்க்கார் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கிடைத்தது. வாயில் போட்டுக்கொள்ளும் சின்ன மாத்திரை, நாலு மணிக்கு ஒரு தடவை, கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து. மூன்றாம் நாள் அவர் உட்கார்ந்து காபி கேட்டார். அதற்குப் பிறகு நாலு மாதம் இருந்தார். பேரனுக்குப் பூணூல் போட்டதை மணையில் உட்கார்ந்து பார்த்தார். பழக்கமாகிவிடுமே என்று உறவினர் ஒருவர் கவலைப்பட்டார். புற்று வலிக்கு, டாக்டர் சொன்ன அளவில், நேரம் தவறாமல் கொடுத்தால் அடிமைப்படுவது அபூர்வம்.

அதே சமயம் இன்னொன்றும் நடந்தது. பிள்ளைகள் அவரிடம் வியாதியின் பெயரைச் சொல்லவில்லை. "நரம்பில் நீர்க்கட்டு" என்று ஏதோ சொல்லிவைத்தார்கள். அத்திம்பேர் ஆடிட் இலாகாவில் 33 வருஷம் இருந்தவர். டிஸ்சார்ஜ் பேப்பரைப் படிக்காமல் விடுவாரா? ஒருநாள் தனியாக இருந்தபோது என்னிடம், "அம்பி, இவா எல்லாரும் எனக்குத் தெரியாதுன்னு நாடகம் ஆடிண்டிருக்கா. இவா மனசு நோகக் கூடாதேன்னு நானும் ஆடிண்டிருக்கேன். எப்போ முடியறதோ" என்றார். பேங்க் லாக்கர், அக்காவின் பென்ஷன் நாமினேஷன், கிராமத்துக் கோயிலுக்குக் கொடுப்பதாகச் சொன்ன பணம், எல்லாவற்றையும் அன்றைக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத வைத்தார். பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. நம் வீடுகளில் இதுதான் வழக்கம், பாசத்தால் செய்வது. ஆனால் கேட்கும் நோயாளியிடம் மறைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் வாழ்க்கை, அவர் கணக்கு. கேட்காதவரிடம் வலிந்து சொல்லவும் வேண்டாம்.

கேரளாக்காரர்கள் இந்த விஷயத்தில் நமக்கு முன்னே போனார்கள். 1993ல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் வலி நிவாரண மையம் தொடங்கினார்கள். பிறகு ஊர் மக்களே தொண்டர்களாகி, வீட்டுக்கு வீடு நர்ஸோடு போய்ப் பார்த்தார்கள். 2008ல் கேரள சர்க்கார் அதை மாநிலக் கொள்கையாக்கியது. இப்படிப்பட்டவர்கள் வருஷக்கணக்கில் மனுப் போட்டு, கோர்ட்டுக்குப் போய், கடைசியில் 2014ல் பார்லிமெண்ட் சட்டத்தைத் திருத்தியது. இப்போது நாலைந்து லைசென்ஸ் கிடையாது. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவரின் அங்கீகாரம் போதும். இருந்தும் 2017ல் லான்செட் குழு போட்ட கணக்கில் நம் தேசத்துக்குக் கிடைத்த மார்பின் தேவையில் 4 சதவீதம்தான். சட்டம் மாறிவிட்டது, பயம் மாறவில்லை. பல ஆஸ்பத்திரிகள் அங்கீகாரத்துக்கு மனுவே போடுவதில்லை. யாரும் கேட்பதில்லை என்பது ஒரு காரணம். ஏசி இருக்கிறதா, கேஷ்லெஸ் உண்டா என்று கேட்கிற நாம், வாய்வழி மார்பின் உண்டா என்று கேட்பதில்லை.

இனி நடைமுறை விஷயங்கள், சுருக்கமாக. 70 வயது முடிந்தவர்களுக்கு 2024 அக்டோபர் 29 முதல் வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மான் அட்டை உண்டு, ஒரு குடும்பத்தின் முதியவர்களுக்குச் சேர்த்து வருஷத்துக்கு 5 லட்சம் வரை. மத்திய சர்க்கார் மருத்துவத் திட்டத்தில் இருக்கும் பென்ஷனர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். நமக்கிருந்த சீனியர் சிட்டிசன் ரயில் சலுகை 2020 மார்ச்சில் போய்விட்டது. புற்றுநோயாளிகளுக்கான சலுகை அப்போதும் நிற்கவில்லை. சிகிச்சைக்குப் போகும் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, உடன் வருபவருக்கு 75 சதவீதம். ஆஸ்பத்திரி தரும் சர்டிபிகேட் வேண்டும். எல்லோரும் மும்பைக்கு ஓட வேண்டியதும் இல்லை. டாடா மையங்கள் வாரணாசி, குவாஹாட்டி, விசாகப்பட்டினம், சண்டிகர் பக்கத்தில் முல்லன்பூர் எல்லாவற்றிலும் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் வரும் எலுமிச்சை, முள்சீத்தா வைத்தியத்தை நம்பி மூன்று மாதம் கழிப்பவர்கள் அந்த மூன்று மாதத்தில்தான் முதல் கட்டத்திலிருந்து மூன்றாம் கட்டத்துக்குப் போகிறார்கள்.

ஒரு கோரிக்கை. நம் அங்கத்தினர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஊரிலும் வாய்வழி மார்பின் தரும் ஆஸ்பத்திரி எது, வீட்டுக்கு வந்து பார்க்கும் வலி நிவாரணக் குழு எது, எந்தக் கிழமை, யாரைக் கேட்க வேண்டும் என்று நேரில் போய் விசாரித்து ஒரு போஸ்ட்கார்டு அளவு எழுதி அனுப்புங்கள். நெட்டில் பார்த்து எழுத வேண்டாம், கவுண்டரில் கேட்டு எழுதுங்கள். போபாலுக்கு நான் எழுத ஆரம்பித்துவிட்டேன். பன்னிரண்டு ஊர் சேர்ந்ததும் இந்தப் பத்திரிகையிலேயே பட்டியலாக வரும் என்று ஆசிரியர் சம்மதித்திருக்கிறார். கிளையில் அடுத்த மாதம் முதல் ஞாயிறு ஒரு லேடி டாக்டர் வருகிறார். சோதனைக்குத் தனி அறை, திரை எல்லாம் உண்டு. மாமிகள் பெயரைப் பொருளாளர் வீட்டு மாமியிடம் கொடுத்துவிடலாம், மாமாக்களிடம் கொடுக்க வேண்டியதில்லை.